கற்பூரம் எட்டாத மேசை

கிட்ட வாருங்கள் செல்லங்களே, இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவிடுக்கால் குளிர் வருகிறது, அந்தப் போர்வையைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையிலுள்ள தேத்தண்ணி ஆறட்டும், பரவாயில்லை. இன்றைக்கு நான் சொல்லப்போவது ஒரு மேசையின் கதை. வால்தம்ஸ்டோவில், ஒரு வீட்டு மாடியின் சின்ன அறையில், சிவனேஸ்வரி என்ற பெண் போட்ட மேசை. அதை எடு எடு என்று சொல்லாத வாய் கிடையாது. எடுத்தாளா, விட்டாளா என்பதைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் எழும்ப வேண்டும்.

அது என்ன அப்படிப்பட்ட மேசை என்றால், தோட்டா செய்கிற மேசை. பயந்துவிடாதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

ஈஸ்வரியும் அவள் புருஷன் கனகலிங்கமும் எண்பத்து நாலில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவன் காருக்குப் பெற்றோல் அடிக்கிற செற்றில் காசு வாங்குகிற வேலை. அவள் கடிதங்கள் பிரிக்கிற பெரிய தபால் கட்டடத்தில் ஷிப்ட் வேலை. அந்தக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் வேலையாட்களுக்கென்று துப்பாக்கி சுட்டுப் பழக ஒரு துவக்குச் சங்கம் இருந்தது. சீட்டாட்டச் சங்கம், மீன்பிடிச் சங்கம் போல அதுவும் ஒன்று. பக்கத்து மேசையில் கடிதம் பிரித்த மோரீன் என்ற வெள்ளைக்காரி ஒருநாள், "கீழே வந்து பார், ஈஸ்வரி. தேத்தண்ணியும் பிஸ்கற்றும் சும்மா கிடைக்கும்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் வெடி கேட்டதும் ஈஸ்வரி நிலத்தில் விழுந்து படுத்துவிட்டாள். ஊரில் ஒரு பின்னேரம், இராணுவ ட்ரக் ஒன்று வீதி நெடுகச் சுட்டுக்கொண்டே போனபோது, அவள் அரிசிமூட்டைக்குப் பின்னால் அப்படித்தான் படுத்துக் கிடந்தாள். மோரீன் வந்து பக்கத்தில் குந்தியிருந்து, கையைப் பிடித்து, மேலே கூட்டிக்கொண்டு போகவா என்று கேட்டாள். ஈஸ்வரி சேலையைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

"இல்லை. இவ்வளவு காலமும் நான் இதின்ர முன்பக்கத்திலதான் இருந்தனான். பின்பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பாப்பம்," என்று தமிழிலேயே சொன்னாள். மோரீனுக்கு என்ன விளங்கியதோ, துவக்கைக் கையில் கொடுத்தாள்.

அப்படித் தொடங்கியதுதான். சின்னத் துவக்கில் கை படிந்தது. பிறகு பெரிய துவக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி, லண்டனுக்கு வெளியே சறே என்ற இடத்தில் இருக்கிற பெரிய சுடுதிடலுக்குப் போவாள். தூரத்தில், கண்ணுக்குக் குங்குமப் பொட்டளவு தெரிகிற கறுப்பு வட்டத்தை, புல்லில் படுத்துக்கொண்டு குறிபார்ப்பாள். நிலத்தில் பயந்து படுத்தவள் இப்போது தானாக விரும்பிப் படுத்தாள். அந்த வித்தியாசம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பொலிஸ் விசாரித்து, வீட்டைப் பார்த்து, அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்கள். துவக்கு வைக்க இரும்பு அலுமாரி. அதன் திறப்பை, அந்தச் சாவியை, எங்கே வைப்பது என்று யோசித்தவள், கழுத்தில் கிடந்த தாலிக்கொடியிலேயே கோத்துக்கொண்டாள். கனகலிங்கம் பார்த்துவிட்டு, "இனி என்னைக் கட்டிப்பிடிக்கேக்க துவக்கையும் கட்டிப்பிடிக்க வேணுமோ?" என்று கேட்டான்.

"நீங்கள் கட்டிப்பிடிச்சு எவ்வளவு காலமாச்சு," என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி மேசைக்கு வருவோம். ஈஸ்வரியின் துவக்கு பழசு. கடைத் தோட்டா அதற்கு ஒத்துவராது. ஒன்று மேலே போகும், மற்றது இடப்பக்கம் போகும். சில துவக்குகள் அப்படித்தான், நல்ல சமையல்காரியின் புருஷனைப்போல, கடைச்சாப்பாடு செமிக்காது. அதனால் மோரீன் தன் வீட்டில் வைத்துத் தோட்டா செய்யப் பழக்கினாள். சுட்ட பித்தளைக் கூட்டை வீசக்கூடாது. கழுவித் துடைத்து, பழைய அளவுக்கு நெரித்தெடுத்து, அடியில் தீப்பொறி தட்டுகிற புதுப் பிரைமர் வைத்து, தராசில் நிறுத்த வெடிமருந்தை ஊற்றி, மேலே சன்னத்தை, அதாவது பறக்கிற ஈயக் குண்டை, இருத்தினால் பழைய கூடு மறுபடி தோட்டா. எல்லாம் ஒரு கைப்பொறியால் செய்கிற வேலை. இடியப்ப உரலைப் பார்த்திருப்பீர்கள்தானே? அதைவிடப் பெரிசாக, பாரமாக, மேசையோடு சேர்த்து முறுக்கிய ஒரு இரும்பு உரல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றிரண்டு இளவேனிலில் மோரீன் வேலையை விட்டுக் கடற்கரைப் பக்கம் குடிபோனாள். போகும்போது அந்தக் கைப்பொறியையும் தராசையும் ஈஸ்வரிக்குக் கொடுத்துவிட்டாள். "இதற்கு நல்ல இடம் ஒன்று பார்," என்றாள். "ஆடாத மேசை வேண்டும். நெருப்பில்லாத அறை வேண்டும். குழப்புகிற ஆள் பக்கத்தில் இருக்கக்கூடாது."

மூன்றாவதுதான் கஷ்டம் என்று ஈஸ்வரி அப்போதே நினைத்தாள்.

குசினியில் காஸ் அடுப்பு. முன்னறையின் மூலையில் சாமித்தட்டு, அங்கே விளக்கு எரியும். வீட்டுப் பின்வளவில் இருந்த மரக்கொட்டிலோ ஈரம், மருந்து பழுதாய்ப் போகும். மிஞ்சியது மாடியில் இருந்த சின்ன அறை. ஒரு கட்டில் போட்டால் கதவு முட்டுகிற அறை. அந்தக் கட்டில் யாருடையது என்றால், கனகலிங்கத்தின் தமக்கை கலாவதியுடையது. புருஷன் இல்லாத மனுஷி, வெம்பிளியில் மகனோடு இருந்தாள். மருமகளோடு முறுகிய போதெல்லாம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்து அந்தக் கட்டிலில் படுப்பாள். முறுகல் அடிக்கடி வரும். அதனால் கட்டிலும் அவளுடையதாகிவிட்டது.

ஈஸ்வரி அந்தக் கட்டிலைக் கழற்றி, முன்னறையில் மடிக்கிற சோபாக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டாள். மாடியறையின் கம்பளத்தைச் சுருட்டி எடுத்தாள். கம்பளத்தில் காலுரசினால் பொறி தட்டுமாம், அதனால் வெறும் பலகை. ஹீற்றரை மூடினாள். யாரோ தெருவில் போட்டிருந்த தடித்த பழைய கதவு ஒன்றை மேசைப்பலகையாக்கி, நாலு தடித்த கால் கொடுத்து, சுவரோடு ஆணி முறுக்கினாள். கனகலிங்கம் சரிவு பார்க்கிற நீர்மட்டக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பிடிக்கிறது மட்டும்தான். நான் இதுக்கு உடந்தை இல்லை," என்றான்.

"நேராப் பிடியுங்கோ. உடந்தை இல்லாத ஆள் சரிச்சும் பிடிக்கக்கூடாது."

மேசையின் வலப்பக்கம் கைப்பொறி. இடப்பக்கம், காற்றுப் படாத மூலையில், தராசு. மருந்துக்கு மேசைக்குக் கீழே தடித்த மரப்பெட்டி. வேலை செய்கிறபோது மருந்து இருக்கிற தகரப் பேணி ஒன்றே ஒன்றுதான் மேசைக்கு வரும், மற்றதெல்லாம் பெட்டிக்குள். சுவரில், தான் சுட்டுத் துளைத்த காகிதக் குறிகளை வரிசையாகக் குத்தி வைத்தாள். கதவைப் பூட்டவில்லை. யார் வந்தாலும் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவள் ஒளிக்கவே இல்லை.

ஒளிக்காததே பிழையாய்ப் போனது, ஊர் வாய் திறந்தது. ஊர் என்றால் எங்கள் லண்டன் ஊர்தான், கோயில் வாசலும் மரக்கறிக்கடையும். 'குண்டுக்கும் செல்லடிக்கும் பயந்து ஓடிவந்ததுகள், இஞ்ச வீட்டுக்குள்ள வெடிமருந்து வச்சிருக்குதுகளாம்.' 'ஆருக்கு அனுப்பச் செய்யுதுகளோ.' 'எங்கள் எல்லாரையும் பிடிச்சுத் திருப்பி அனுப்பப் போறான்.' முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை வந்து வடை தின்றுவிட்டுப் போனவர்கள், வேறு தெருவால் சுற்றிப் போனார்கள்.

கலாவதிக்கு இது வெம்பிளிவரை போய்ச் சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை, பையும் கையுமாக வந்து, மாடியேறி, அறைக்கதவைத் திறந்தாள். தன் தலையணை இருந்த இடத்தில் இரும்பு உரல் நிற்கக் கண்டாள்.

"என்ர கட்டில் எங்க?"

"கீழ உங்களுக்கு நல்ல சோபாக் கட்டில் போட்டிருக்கு, மச்சாள். படியேறத் தேவையில்லை, முழங்காலுக்கு நல்லது."

"என்ர முழங்காலை விடு. நான் படுத்த இடத்தில வெடிமருந்தோ?" கலாவதி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "கனகு, உன்ர பெண்சாதி தாலிக்கொடியில துவக்குத் திறப்புக் கோத்திருக்கிறாள் எண்டு வெம்பிளிச் சனம் சிரிக்குது. ஒருத்தியும் செய்யாத வேலை. தாலியை பாங்கில வச்சிட்டு வெறுங்கழுத்தோட திரிஞ்சவளை, போடு போடு எண்டு போடப்பண்ணினது நான். இதுக்கோ?"

"நீங்கள் சொன்னபடியால்தான் மச்சாள் போட்டனான். ஒரு நேரமும் கழட்டிறேல்லை," என்றாள் ஈஸ்வரி. குரலில் ஒரு சொட்டு நக்கல் இருந்தது. இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

"ஊரில எங்களைச் சுட்ட சாமான் அது."

"ஓம். ஊரில வந்த சன்னத்தை ஆர் செய்தது, அது எங்க போகப்போகுது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இது என்ர கையால செய்தது. எங்க போகும் எண்டு எனக்குத் தெரியும். கடுதாசிக்குத்தான் போகும், வேற ஒரு இடமும் போகாது. அந்தச் சத்தம் இனி நான் கேக்கச் சொன்னால்தான் கேக்கும், மச்சாள். அதை விட எனக்கு ஏலாது."

"அந்த மேசை போகுமட்டும் நான் உந்த வாசல் மிதியன்."

"மேசை போகாது."

"அப்ப நான் போறன்."

கனகலிங்கம் நடுவில் நின்று இருவரையும் பார்த்தான். கடைசியில், "அக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டாவது..." என்றான். கலாவதி குடிக்காமலே போனாள். படியிறங்கும்போது முழங்கால் நொந்ததை முகத்தில் காட்டவில்லை. இந்தக் குடும்பத்தில் வீம்பு ஒரு ஆளுக்கு மட்டும் வாய்த்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

மாதங்கள் போயின. கலாவதி வரவில்லை. ஈஸ்வரியும் மேசையை அசைக்கவில்லை. புரட்டாதி மாதம், அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கிற தவணை வந்தது. பொலிஸிலிருந்து ஹார்ப்பர் என்ற உத்தியோகத்தர் டெலிபோன் எடுத்து, திங்கட்கிழமை பின்னேரம் வந்து வீட்டையும் புது மேசையையும் பார்க்கப்போவதாகச் சொன்னார். பார்த்துவிட்டு அவர் 'சரி' என்றால் சீட்டு. 'இல்லை' என்றால் துவக்கும் போகும், அதோடு மேசையும் வெறும் பலகைதான். ஊர் கேட்டு எடுக்காததை அவர் ஒரு கையெழுத்தில் எடுத்துவிடுவார். ஈஸ்வரி அறையைக் கூட்டித் துடைத்து, மருந்தெல்லாம் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்து, திங்கள் காலை வேலைக்குப் போனாள்.

அந்தத் திங்கட்கிழமை ஆயுத பூசை. அவளுக்கு அது ஞாபகமே இல்லை.

கனகலிங்கத்துக்கு ஞாபகம் இருந்தது. அதைவிடப் பெரிய பிழை, அதை அவன் தமக்கைக்கு டெலிபோனில் சொன்னது.

"ஆயுத பூசை அண்டைக்கோ பொலிஸ்காரன் வாறான்?" என்று கேட்டாள் கலாவதி. "பூசை வச்சாச்சோ?"

"இல்லை அக்கா. அவ வேலைக்குப் போட்டா."

"தம்பி, கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைக்கிறம், தையல் மெஷினுக்கு வைக்கிறம், உன்ர காருக்குத் தேசிக்காய் வைக்கிறம். துவக்குச் சாமானைப் பொட்டில்லாமல் விட்டிட்டு நல்லது நடக்கும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறியோ? பூசை காணாத ஆயுதம் வச்சிருக்கிற ஆளைத்தான் திருப்பிப் பாக்கும்."

"நீங்கள் அந்த மேசை வேண்டாம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"வேண்டாம் எண்டுதான் இப்பவும் சொல்லுறன். அது வேற. என்ர தம்பி வீட்டில அம்மாள் கோவிக்கக்கூடாது. நான் வாறன்."

வாசல் மிதியேன் என்றவள், வெம்பிளியில் ரயிலேறி, மாறி, வால்தம்ஸ்டோவில் வந்திறங்கினாள். பையில் சந்தனம், குங்குமம், பூ, கற்பூரம், சாம்பிராணி, கைமணி. அக்காவும் தம்பியும் காஸ் அடுப்பில் கரியைச் சுட்டு, பழைய இரும்புத் தாச்சிச் சட்டியில் போட்டு, மாடிக்குக் கொண்டுபோனார்கள். இப்படி ஒரு பிழையை உலகத்தில் வேறு எந்தச் சனம் செய்யும், சொல்லுங்கள் பார்ப்போம். பக்திதான், வேறொன்றுமில்லை. ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைக்க வேண்டாமா? கைப்பொறிக்கு வைத்தார்கள். தராசுக்கு வைத்தார்கள். கலாவதி குனிந்து பார்த்து, "பெட்டிக்குள்ள இருக்கிறதுக்கு ஆர் வைக்கிறது?" என்றாள். கனகலிங்கம் மரப்பெட்டியைத் திறந்து, மருந்துப் பேணியை எடுத்து மேசையில் வைத்தான். அதற்கும் சந்தனம், அதற்கும் குங்குமம். பக்கத்தில் தணல் தாச்சி. கலாவதி சாம்பிராணியைத் தூவி, தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி, மணியை எடுத்தாள்.

ஈஸ்வரி முன்கதவைத் திறந்ததும் சாம்பிராணி மணந்தது. முதலில் சந்தோஷப்பட்டாள், மச்சாள் வந்திருக்கிறாள் போல என்று. சாமித்தட்டைப் பார்த்தாள். அங்கே புகை இல்லை. புகை படியால் இறங்கிவந்துகொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. மாடியேறினாள், அறைக்குள் நுழைந்தாள். கற்பூரத் தீபம் எரிகிறது, அதற்கு ஒரு சாண் தள்ளி மருந்துப் பேணி நெற்றியில் பொட்டோடு நிற்கிறது. மணி அடித்துக்கொண்டிருந்த கலாவதி அவள் முகத்தைக் கண்டு கையை நிறுத்தினாள். ஈஸ்வரி முதலில் பேணியை எடுத்தாள். அதை நெஞ்சோடு அணைத்து, தங்கள் படுக்கையறையில் தூரத்து மூலையில் கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்தினாள். திரும்பிவந்து கற்பூரத் தட்டை ஊதி அணைத்தாள். பிறகு தாச்சியின் இரண்டு காதையும் வெறுங்கையால் பிடித்துத் தூக்கினாள். படியிறங்கி, குசினியைக் கடந்து, வளவுக்குக் கொண்டுபோய் வைத்து, வாளித் தண்ணியை ஊற்றினாள். சுர்ரென்றது. அப்போதுதான் விரல்கள் கொப்பளித்திருந்தது அவளுக்கே தெரிந்தது.

பின்னால் கனகலிங்கம் வந்து நின்றான்.

"இஞ்சருங்கோ," என்றாள் அவள் மெதுவாக. "உங்கட பெற்றோல் செற்றில கற்பூரம் கொளுத்துவியளே?"

அவன் முகம் வெளிறியது. நாள் முழுக்க 'இங்கே புகைக்க வேண்டாம்' என்ற பலகைக்குக் கீழே நிற்கிற மனுஷன் அவன்.

அந்த நேரம் பார்த்து முன்கதவு மணி அடித்தது.

"அவன்தான். யன்னல் கண்ணாடியால பாத்தனான்," என்று கலாவதி ஓடிவந்தாள். "வேற நாள் வரச் சொல்லு, கனகு. வீடெல்லாம் புகை."

"ஓம், ஓம். உமக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுறன்," என்றான் அவன் பெண்சாதியிடம்.

"கறி கருகிப்போச்சு எண்டாவது சொல்லுங்கோவன்," என்றாள் கலாவதி.

ஈஸ்வரி கையைத் தண்ணியில் நனைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மேசை போகலாம். பொய் சொன்னால் மிஞ்சலாம். ஆனால் பொய்யால் மிஞ்சுகிற மேசை, ஊர் சொன்ன மேசையாகிவிடும். ஒளித்து வைக்கிற சாமான் ஆகிவிடும். இத்தனை நாளும் அவள் காலூன்றி நின்றது அந்த ஒரேயொரு இடத்தில்தான்.

"கதவைத் திறவுங்கோ," என்றாள். "நான் ஆருக்கும் களவா இதைப் போடேல்லை. களவா வச்சிருக்கவும் மாட்டன்."

ஹார்ப்பர் உயரமான மனுஷன். வாசலில் மூக்கை உறிஞ்சி, "நல்ல வாசம்," என்றார். பிறகு கனகலிங்கத்தைப் பார்த்து, "உங்கள் துவக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள், சேர்?" என்று கேட்டார்.

"நான் புருஷன் மட்டும்தான்," என்றான் கனகலிங்கம் இங்கிலிஷில். "துவக்கு அவளுடையது."

ஈஸ்வரி முன்னால் வந்தாள். "அந்த வாசத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்," என்று தொடங்கி, ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஆயுத பூசை என்றால் என்ன என்பதையும், இன்று மேசையில் நெருப்பு வந்ததையும், பேணி வெளியே நின்றதையும், தாச்சி இப்போது வளவில் கிடப்பதையும். சிவந்த விரல்களைக் காட்டினாள். ஹார்ப்பர் வளவுக்குப் போய்த் தாச்சியைப் பார்த்தார். மாடிக்குப் போய் மேசையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அது ஆடவில்லை. கைப்பொறியின் சந்தனப் பொட்டைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மரப்பெட்டியைத் திறந்து மூடினார். இரும்பு அலுமாரியைத் தட்டினார்.

பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "உங்கள் நாட்டில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியும். கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. இங்கே செய்கிற தோட்டாக்கள் எங்கே போகின்றன?"

ஈஸ்வரி திரும்பி, சுவரைக் காட்டினாள். காகிதக் குறிகள், நடுவில் துளை துளையாக.

"அங்கே," என்றாள். "எல்லாம் அங்கேதான். எங்களை நோக்கி வந்த சன்னம் எதற்கும் யாரும் இப்படிக் கணக்குக் காட்டியதில்லை. நான் காட்டுகிறேன். எண்ணிப் பாருங்கள்."

கலாவதிக்கு இங்கிலிஷ் கொஞ்சம்தான். ஆனால் கேள்வியின் மணம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. வாசலில் நின்றவள் முன்னே வந்தாள். பாருங்கள், அந்த மனுஷி நினைத்தது நடக்க ஒரு சொல் போதும். 'ஓம் ஐயா, பயமாத்தான் இருக்கு' என்றிருந்தால், மாலைக்குள் அந்த இடத்தில் அவள் கட்டில் திரும்பி வந்திருக்கும்.

"ஈஸ்வரி, நான் சொல்லுறதை இவருக்குச் சொல்லு. ஒண்டும் விடாமல் சொல்லு," என்றாள் கலாவதி. "இந்த மேசையைத் தா எண்டு நான் கேட்டனான். தரேல்லை. கோயில்ச் சனம் கேட்டது. தரேல்லை. கட்டின புருஷன் கேட்டான், அவனுக்கும் தரேல்லை. இப்பிடிப்பட்ட ஒரு பிடிவாதக்காரி ஆருக்குத் தோட்டா குடுக்கப்போறாள் எண்டு இவர் கேக்கிறார்?"

ஈஸ்வரி மொழிபெயர்த்தாள். 'பிடிவாதக்காரி'யை விட்டுவிடலாம் என்று ஒருகணம் நினைத்து, பிறகு அதையும் சேர்த்தே சொன்னாள்.

ஹார்ப்பரின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. "அலுமாரித் திறப்பு?" என்று கேட்டார்.

ஈஸ்வரி சட்டைக்குள்ளிருந்து தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். தாலியும் திறப்பும் ஒன்றாக ஆடின.

"இரவில் இதை எங்கே கழற்றி வைப்பீர்கள்?"

இதை ஈஸ்வரி மொழிபெயர்த்ததும் கலாவதியே பதில் சொன்னாள், பிள்ளைக்குச் சொல்வதுபோல. "அது கழட்டுற சாமான் இல்லை, தம்பி. அதைக் கழட்டுறதெண்டால் முதல் என்ர தம்பி சாகவேணும். அவன் இண்டைக்குத் தப்பிப் பிழைச்சு நிக்கிறான்."

கனகலிங்கம் இருமினான்.

ஹார்ப்பர் படியிறங்கும்போது சொன்னார்: "நெருப்பு வந்ததை நான் எழுதத்தான் வேண்டும்."

"எழுதுங்கள்," என்றாள் ஈஸ்வரி. "நானே அணைத்தேன் என்பதையும் எழுதுங்கள்."

"அறைக்கதவுக்கும் மரப்பெட்டிக்கும் பூட்டு வேண்டும். திறப்பு உங்களிடம் மட்டும். வெள்ளிக்கிழமை வருகிறேன். இருந்தால் பார்ப்போம். இல்லாவிட்டால் இந்த மேசை இந்த வீட்டில் இருக்காது."

அவர் போனபிறகு கனகலிங்கம் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு பூட்டு வாங்கக் கடைக்குப் போனான். தானே போனான், ஒருவரும் சொல்லவில்லை. கலாவதி ஈஸ்வரியின் கையைப் பிடித்து மடியில் வைத்து, தேங்காயெண்ணெய் பூசத் தொடங்கினாள்.

"நான் மேசையை ஏத்துக்கொண்டன் எண்டு நினையாத," என்றாள்.

"நினைக்கேல்லை, மச்சாள்."

"எங்கட வீட்டுப் பொம்பிளையை ஒருத்தன் வந்து அப்பிடிக் கேக்கேலாது. அவ்வளவுதான். நான் கேக்கலாம்."

"நீங்கள் எப்பவும் கேக்கலாம்."

"பேணிக்குப் பொட்டு வச்சது பிழைதான்," என்றாள் கலாவதி, எண்ணெய்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டு. அவளிடமிருந்து அது வந்ததே பெரிது.

அன்று அவள் வெம்பிளிக்குப் போகவில்லை. சோபாக் கட்டில் முதுகைக் குத்துகிறது என்று முறையிட்டுக்கொண்டே வெள்ளிவரை இருந்தாள். கனகலிங்கம் பூட்டைப் பொருத்தினான். இந்தமுறை ஈஸ்வரிதான் நீர்மட்டத்தைப் பிடித்தாள். "உடந்தையோ?" என்று கேட்டாள். "உடந்தைதான்," என்றான் அவன், வாயில் திருகாணியோடு. ஹார்ப்பர் வந்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், ஈஸ்வரியின் கழுத்தில் திறப்புகள் கூடியிருப்பதைப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார். சில கிழமை கழித்துச் சீட்டு வந்தது.

கோயில் வாசலில் யாரோ பழைய பேச்சைத் தொடங்கியபோது கலாவதி செருப்பைப் போட்டபடியே திரும்பினாளாம். "ஓம், என்ர தம்பி பெண்சாதிதான். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கோ, எங்க சுடுறாள் எண்டு. பாக்கப் பயமெண்டால் பேசாமல் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போங்கோ." பெரும்பாலானவர்கள் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்கள்தானே? ஈஸ்வரி மாடியறைக்குள் தனியே போய், கைப்பொறியின் முறுக்காணிகளைக் கழற்றினாள். மருந்து பெட்டிக்குள் பூட்டியபடி கிடந்தது. பொறியையும் தராசையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டி, திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அந்த இரும்பு உரலைக் கனகலிங்கம் முனகி முனகித் தூக்கிவந்து, முன்னறையில் சாமித்தட்டுக்கு முன்னால் வைத்தான். பக்கத்தில் தராசு. ஒரு கிண்ணத்தில், புளிபோட்டு மினுக்கிய வெறும் பித்தளைக் கூடுகள், வீட்டுக் குத்துவிளக்கின் நிறத்தில். விளக்கை ஆயுதத்திடம் கொண்டுபோகாமல், ஆயுதத்தை விளக்கிடம் கொண்டுவந்தார்கள். கலாவதி பொட்டு வைத்து, கற்பூரம் கொளுத்தி, மணியடித்தாள். அடுத்த நாள் எல்லாம் மாடிக்குப் போய், பழைய இடத்திலேயே இறுக்கி முறுக்கப்பட்டது. மேசை போகவில்லை, செல்லங்களே.

இனி எழும்புங்கள், தேத்தண்ணி ஆறித்தான் போய்விட்டது. உங்கள் வீட்டு விளக்கு அணையாமல் எரியட்டும், எரிய வேண்டிய இடத்தில் எரியட்டும். நீங்கள் ஆசையாய்ப் போட்ட மேசை எதுவோ, அது ஆடாமல் நிற்கட்டும். உங்களோடு சண்டை பிடிக்கிற உறவு, வெளியாள் ஒருவன் கேள்வி கேட்கிற அன்றைக்கு உங்கள் பக்கத்தில் வந்து நிற்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற சத்தமெல்லாம் நல்ல சத்தமாய் இருக்கட்டும்.